பகா எண்களில் பெயர் பதித்த வல்லம் சிவசங்கரநாராயண பிள்ளை

முன்னுரை

அறிவைத் தேடுவது கடமை என்று கற்பித்த மார்க்கத்தின் வழிவந்தோர் நடத்தும் கல்லூரி நம்முடையது. அக்கல்லூரியின் தமிழ்த்துறை வெளியிடும் மலரில் புலவர் வரலாறு இடம்பெறுவது இயல்பு. எனினும் சொல்லை ஆண்டவர்களைப் போலவே எண்ணை ஆண்டவர்களும் தமிழ் மண்ணில் தோன்றியுள்ளனர். எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய இனத்தில் பிறந்த நாம், எழுத்தறிஞரை அறிந்த அளவுக்கு எண்ணறிஞரை அறியாதிருப்பது பெருங்குறை. அக்குறையைச் சிறிதேனும் நீக்கும் நோக்கத்துடன், எண் கோட்பாட்டுலகம் நன்கு அறிந்த சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை அவர்களின் வாழ்வை இங்கு எடுத்துரைக்க முற்படுகின்றோம்.

சோமனூர் வட்டாரத்து மக்களுக்கு எண் அயலானதன்று. நூலின் நயத்தையே நாற்பதாம் நம்பர், அறுபதாம் நம்பர் என்று எண்ணால் குறிப்பவர்கள் நாம். பாவில் இத்தனை இழை, துணியில் இத்தனை மீட்டர் என்று விசைத்தறியின் ஓசைக்கிடையே நாள்தோறும் கணக்கிட்டு வாழ்பவர்கள் நாம். நம் வீட்டுத் திண்ணையில் 24 நூற்கோன்கள் இருப்பின், அவற்றை இரண்டிரண்டாகவும் மும்மூன்றாகவும் நந்நான்காகவும் அவ்வாறாகவும் சமவரிசையில் அடுக்கலாம். அவற்றுள் ஒன்றை எடுத்துவிட்டு எஞ்சிய 23 கோன்களை அடுக்கிப் பாருங்கள். ஒற்றை வரிசையாக நிறுத்தலாமேயன்றி, வேறு எவ்வகையிலும் சமவரிசை அமையாது. இத்தகைய எண்ணே பகா எண் எனப்படும். 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23 என இவ்வரிசை முடிவின்றி நீள்கின்றது.

நன்னூல் பயின்ற தமிழ் மாணவர்க்கு இப்பெயரின் அழகு எளிதில் விளங்கும். பகுதி, விகுதி எனப் பிரிக்கத்தக்கதைப் பகுபதம் என்றும், பிரிக்கவியலாததைப் பகாப்பதம் என்றும் இலக்கணம் வகுத்துள்ளது. சொற்களுள் பகாப்பதம் எத்தகையதோ எண்களுள் பகா எண் அத்தகையது. ஏனைய எண்கள் யாவும் பகா எண்களைப் பெருக்கிப் பெறத்தக்கவை. எண்ணுலகின் வேர்ச்சொற்கள் அவையே. அவ்வேர்களை ஆராய்வதில் தம் வாழ்நாளைச் செலவிட்ட பெருமகனாரே நம் பிள்ளையவர்கள். மேலே கண்ட 23 என்னும் எண்ணை அன்பர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றோம். இவ்வரலாற்றில் அது மீண்டும் வரும்.

பிறப்பும் இளமையும்

குற்றாலத்துச் சாரல் தொட்டுச் செல்லும் இன்றைய தென்காசி மாவட்டத்தில், செங்கோட்டைக்கு அருகே அமைந்த சிற்றூர் வல்லம். அவ்வூரில் 1901-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் சுப்பையா பிள்ளைக்கும் கோமதி அம்மாளுக்கும் மகனாகச் சிவசங்கரநாராயணர் பிறந்தார். பிறந்து ஓராண்டளவில் அன்னையை இழந்தார். தந்தையின் அரவணைப்பில் வளர்ந்து செங்கோட்டைப் பள்ளியில் பயின்றார். பள்ளிக் கல்வியின் இறுதியாண்டில் தந்தையும் மறைந்தார். தாயுமின்றித் தந்தையுமின்றி நின்ற அம்மாணவரின் கல்வி அத்துடன் நின்றிருக்கக்கூடும். அவ்வாறு நிற்காமல் காத்தவர் சாஸ்திரியார் என்னும் ஆசிரியர். தம் மாணவரின் நுண்ணறிவை முன்னரே கண்டுகொண்டிருந்த அவர், பொருளுதவி செய்து படிப்பைத் தொடரச் செய்தார்.

இச்செய்தியை நம் சமுதாயப் பெரியோர் சற்று நின்று சிந்திக்க வேண்டுகின்றோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தாமும் யத்தீமாக வளர்ந்தவர்கள். யத்தீம்களின் உரிமையைப் பேணுவதை வலியுறுத்திச் சென்றவர்கள். ஒரு கிராமத்து ஆசிரியர் தம் சிறு வருவாயிலிருந்து அன்று ஈந்த உதவி, ஒரு குடும்பத்தின் பசியை ஆற்றியதோடு முடிந்துவிடவில்லை. உலகக் கணிதத்தின் ஓர் அத்தியாயமே அதனால் எழுதப்பட்டது. தறிக்கூடத்திற்கோ கடைவேலைக்கோ சென்றுவிட எண்ணும் ஏழை மாணவன் ஒவ்வொருவனுக்குள்ளும் எத்தகைய ஆற்றல் உறங்குகின்றது என்பதை இறைவன் ஒருவனே அறிவான். அதனை எழுப்பும் வாய்ப்பு மட்டும் நம் கையில் உள்ளது.

கல்லூரிக் கல்வியும் ஆய்வும்

உதவித்தொகை பெற்ற பிள்ளையவர்கள் நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியில் இண்டர்மீடியட் வகுப்பும், திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியில் இளங்கலையும் பயின்றார். 1927-ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு உதவித்தொகை அவருக்குக் கிட்டியது. கணிதமேதை இராமானுசன் மறைந்து அப்போது ஏழாண்டுகளே கழிந்திருந்தன. கேம்பிரிட்ஜில் ஹார்டியிடம் பயின்றவரும், அங்கு இராமானுசனோடு நட்புப் பூண்டிருந்தவருமான பேராசிரியர் ஆனந்தராவ் அவர்களும், பேராசிரியர் வைத்தியநாதசுவாமி அவர்களும் சென்னையில் பிள்ளையவர்களுக்கு வழிகாட்டிகளாயினர். இராமானுசன் ஏற்றிய சுடர் இவ்வாறு கைமாறித் தொடர்ந்தது.

1929-ஆம் ஆண்டு சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அவ்வாண்டே அங்கு விரிவுரையாளராகச் சேர்ந்த பிள்ளையவர்கள் 1941 வரை பணிபுரிந்தார். தமிழிசையும் தமிழ்ப் புலமையும் தழைத்த அவ்வளாகத்திலேயே எண் கோட்பாட்டின் தலைசிறந்த முடிவுகள் சிலவும் பிறந்தன. அவருடைய ஆய்வுத்திறத்தைப் பாராட்டிச் சென்னைப் பல்கலைக்கழகம் டி.எஸ்ஸி. பட்டம் வழங்கிற்று.

ஒரு நூலில் இரு விதைகள்

பிள்ளையவர்களின் ஆய்வை உணர 1770-ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும். அவ்வாண்டில் எட்வர்டு வேரிங் என்னும் ஆங்கிலேயர் இயற்கணித நூல் ஒன்றை வெளியிட்டார். அந்நூலில் மெய்ப்பிக்கப்படாத இரு கூற்றுகள் இருந்தன. ஒன்று, எண்களை அடுக்குகளின் கூட்டுத்தொகையாக எழுதுவது பற்றியது. மற்றொன்று, பகா எண்களின் ஒரு பண்பு பற்றியது. ஒரே நூலில் கிடந்த இவ்விரு விதைகளும் ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்குப் பின் சிதம்பரத்து ஆசிரியர் ஒருவரின் சிந்தனையில் முளைத்தன. முன்னது அவருக்கு வெற்றியைத் தந்தது. பின்னது அவருடைய எதிர்பார்ப்பைப் பொய்யாக்கியது. இரண்டுமே அவர் பெயரை நிலைநிறுத்தின என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல விழையும் செய்தி.

முதல் விதை: வேரிங் வினா

1, 4, 9, 16 என்பன வர்க்க எண்கள். எந்த எண்ணையும் நான்கு வர்க்கங்களுக்கு மிகாமல் கூட்டிப் பெறலாம் என்பதை லக்ராஞ்சி 1770-இல் நிறுவினார். 7 என்னும் எண்ணை 4, 1, 1, 1 எனக் கூட்டிப் பெறுகின்றோம். இதற்கு நான்கும் வேண்டும். கன எண்களாயின் ஒன்பது போதும். அவ்வொன்பதும் தேவைப்படும் எண்களுள் சிறியது நாம் நினைவில் வைத்த 23 ஆகும். இரண்டு எட்டுகளும் ஏழு ஒன்றுகளும் கூடினால்தான் 23 கிடைக்கும். இவ்வாறே நான்காம் அடுக்கு, ஐந்தாம் அடுக்கு, ஆறாம் அடுக்கு ஒவ்வொன்றுக்கும் எத்தனை எண்கள் போதும் என்பதே வேரிங் எழுப்பிய சிக்கல்.

1936-ஆம் ஆண்டில் பிள்ளையவர்களும் அமெரிக்கக் கணிதவியலார் டிக்சனும் ஒருவர் பணியை ஒருவர் சாராமல் இச்சிக்கலின் பெரும்பகுதியைத் தீர்த்தனர். 1940-ஆம் ஆண்டில் ஆறாம் அடுக்குக்கு 73 எண்கள் போதும் என்பதைப் பிள்ளையவர்கள் மெய்ப்பித்தார். அதற்குக் குறைவாகப் போதாது என்பதை மாணவர் தாமே காணலாம். இரண்டின் ஆறாம் அடுக்கு 64. மூன்றின் ஆறாம் அடுக்கு 729. ஆகவே 703 என்னும் எண்ணைப் பெற 64-ஐயும் 1-ஐயும் மட்டுமே பயன்படுத்த இயலும். பத்து 64-கள் 640 ஆகும். எஞ்சிய 63-க்கு 63 ஒன்றுகள் வேண்டும். ஆக மொத்தம் 73. எந்த எண்ணுக்கும் 73-க்கு மேல் வேண்டா என்று காட்டுவதே அரிய செயல். அதனைச் செய்து முடித்தவர் நம் பிள்ளையவர்கள்.

இதன் அருமையை மற்றொன்றாலும் உணரலாம். ஐந்தாம் அடுக்குக்கு 37 போதும் என்பதைச் சீன நாட்டுச் சென் ஜிங்ருன் 1964-இல்தான் நிறுவினார். நான்காம் அடுக்குக்கு 19 போதும் என்பதைத் தமிழகத்தைச் சேர்ந்த பாலசுப்பிரமணியன் அவர்கள் இரு பிரெஞ்சு அறிஞர்களுடன் இணைந்து 1986-இல்தான் நிறுவினார். அடுக்கு குறையக் குறைய வினா கடினமாகும் இத்துறையில், ஆறாம் படியைக் கணிப்பொறித் துணையின்றிக் கடந்தவர் பிள்ளையவர்கள்.

இங்கு மாணவர்க்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. வர்க்கத்திற்கு 7, கனத்திற்கு 23, நான்காம் அடுக்குக்கு 79, ஐந்தாம் அடுக்குக்கு 223 என, மிகுதியான கூறுகளை வேண்டும் எண்களை வரிசைப்படுத்தினால் நான்கும் பகா எண்களாகவே அமைகின்றன. எப்போதும் இவ்வாறே அமையும் என்று முடிவு கட்டத் தோன்றும். ஆனால் அடுத்து வரும் 703, பத்தொன்பதையும் முப்பத்தேழையும் பெருக்கி வந்த பகு எண்! நான்கு முறை நிகழ்ந்தது ஐந்தாம் முறையும் நிகழும் என்பதற்கு எண்ணுலகில் உறுதி இல்லை. இவ்வுண்மையைப் பிள்ளையவர்களின் வாழ்வு இன்னும் தெளிவாகக் காட்டுகின்றது.

இரண்டாம் விதை: கெய்ரோ நகரத்து அறிஞர் கண்ட பண்பு

வேரிங் தம் நூலில் குறித்த பகா எண்ணின் பண்பு, அவருடைய மாணவர் பெயரால் வில்சன் தேற்றம் என வழங்குகின்றது. ஆனால் அதற்கு ஏறத்தாழ எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே அப்பண்பை அறிந்து கையாண்டவர் இப்னுல் ஹைதம் அவர்கள். பஸ்ராவில் ஏறத்தாழ 965-இல் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, ஏறத்தாழ 1040-இல் மறைந்த அப்பெருமகனாரை ஒளியியலின் தந்தையாக உலகம் போற்றுகின்றது. 2, 3, 4, 5, 6 ஆகிய எவ்வெண்ணால் வகுத்தாலும் மீதி ஒன்று வரவேண்டும். 7-ஆல் வகுத்தால் மீதியே வரலாகாது. அத்தகைய எண் யாது என்னும் புதிரை அவர் ஆராய்ந்தார். ஒன்று முதல் ஆறு வரை பெருக்கினால் 720. ஒன்றைக் கூட்டினால் 721. அதுவே விடை. 721 என்பது 7 மடங்கு 103 ஆகும்.

இதில் அடங்கிய பொதுவிதி இதுதான். ஒரு பகா எண்ணுக்கு முற்பட்ட எண்களையெல்லாம் பெருக்கி ஒன்றைக் கூட்டினால், வரும் தொகை அப்பகா எண்ணால் மீதியின்றி வகுபடும். பகு எண்ணுக்கு இப்பண்பு ஒருபோதும் பொருந்தாது. பகா எண்ணைப் பிற எண்களினின்றும் பிரித்துக் காட்டும் அடையாளம் இது.

இப்னுல் ஹைதம் அவர்களின் வாழ்வில் மற்றொரு நிகழ்ச்சியை வரலாற்றாசிரியர் கூறுவர். நைல் நதியின் வெள்ளத்தைக் கட்டுப்படுத்த வழியுண்டு என்று முதலில் கருதிய அவர், கலீபா அல்ஹாகிமின் ஆணைப்படி நதியின் மேற்பகுதி வரை சென்று நேரில் ஆராய்ந்தார். தம் கருத்து நிறைவேறத்தக்கதன்று என்பதைக் கண்டதும் அதனை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். ஆட்சியாளரின் சினத்திற்கு அஞ்ச வேண்டிய நிலையிலும் உண்மையை உண்மையென்றே கூறிய அப்பண்பே அறிஞரின் முதல் இலக்கணம்.

பிள்ளையவர்களின் வினா

ஒன்று முதல் ஓர் எண் வரை தொடர்ந்து பெருக்குவதைக் காரணியப் பெருக்கம் என்பர். அவ்வாறு பெருக்கி ஒன்றைக் கூட்டி வரும் தொகையை எந்தெந்தப் பகா எண்கள் வகுக்கும் என்னும் ஆராய்ச்சியில் 1930-ஆம் ஆண்டையொட்டிப் பிள்ளையவர்கள் ஈடுபட்டார். அவர் நோக்கிய ஒழுங்கை நாமும் நோக்குவோம். மூன்று வரை பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 7. அதனை 3-ஆல் வகுத்தால் மீதி 1. நான்கு வரை பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 25. அதனை வகுக்கும் பகா எண் 5. அதனை 4-ஆல் வகுத்தால் மீதி 1. ஐந்து வரை பெருக்கினால் 121. அதன் பகா எண் 11. 5-ஆல் வகுத்தால் மீதி 1. ஆறு வரையெனில் 721. அதன் பகா எண்கள் 7, 103. இரண்டையும் 6-ஆல் வகுத்தால் மீதி 1. ஏழு வரையெனில் 5041. அது 71-இன் வர்க்கம். 71-ஐ 7-ஆல் வகுத்தாலும் மீதி 1.

என்னே இவ்வொழுங்கு! எங்கும் மீதி ஒன்றாகவே வருகின்றதே! எப்போதும் இவ்வாறே வருமா என்பது பிள்ளையவர்கள் எழுப்பிய வினா. அதனைத் தேற்றமென்று அவர் முழங்கவில்லை. வினாவென்றே அறிஞர் முன் வைத்தார்.

விடை அவர் நண்பரிடமிருந்து வந்தது. பின்னாளில் லாகூரில் பேராசிரியராக விளங்கிய சர்வதமன் சௌலா, பிள்ளையவர்களுடன் கடிதத் தொடர்பும் கூட்டாய்வும் கொண்டிருந்தவர். 1930-ஆம் ஆண்டிலேயே இருவர் பெயரையும் தாங்கிய ஆய்வுரை வெளிவந்துள்ளது. அவர் 23 என்னும் பகா எண்ணைச் சுட்டிக் காட்டினார். ஒன்று முதல் பதினான்கு வரை பெருக்கினால் 8717 கோடியே 82 இலட்சத்து 91 ஆயிரத்து 200 ஆகும். அதனுடன் ஒன்றைக் கூட்டினால் 23-ஆல் மீதியின்றி வகுபடுகின்றது. ஆனால் 23-ஐப் பதினான்கால் வகுத்தால் மீதி 9. பதினெட்டு வரை பெருக்கி ஒன்றைக் கூட்டினாலும் 23-ஆல் வகுபடுகின்றது. அங்கு மீதி 5. ஒழுங்கு குலைந்தது. இதைவிடச் சிறிய சான்றையும் மாணவர் தாளெடுத்துச் சரிபார்க்கலாம். எட்டு வரை பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 40321. அது 61-ஐயும் 661-ஐயும் பெருக்கி வந்தது. 61-ஐ எட்டால் வகுத்தால் மீதி 5. ஏழு வரை நின்ற ஒழுங்கு எட்டில் முறிந்துவிட்டது.

பிள்ளையவர்களின் எதிர்பார்ப்பு இவ்வாறு பொய்த்தது. அதன் பின் நிகழ்ந்ததுதான் வியப்புக்குரியது. அவ்வொழுங்கை மீறும் பகா எண்களுக்குக் கணித உலகம் பிள்ளைப் பகா எண்கள் என்றே பெயர் சூட்டியது. 23, 29, 59, 61, 67, 71, 79, 83 எனத் தொடரும் அவ்வரிசையில் முதலாவதாக நிற்பது, நம் திண்ணையில் அடுக்கவியலாது நின்ற அதே 23. இவ்வரிசைக்கு முடிவில்லை என்பதைச் சுப்பாராவும், அங்கேரி நாட்டு ஏர்டிஷும், சுப்பாராவுடன் இணைந்து 2002-இல் எழுதிய ஹார்டியும் நிறுவியுள்ளனர். இவர் இராமானுசனை ஆதரித்த ஹார்டி அல்லர், பிற்காலத்தவர். எவ்வளவு பெரிய எண்ணை ஒருவர் கூறினாலும், அதனினும் பெரிய பிள்ளைப் பகா எண் ஒன்று உண்டு என்பது இதனால் உறுதியாயிற்று.

தம் வினாவுக்கு இல்லையென்று விடை கூறிய எண்களே தம் பெயரைச் சுமந்து நிற்கும் பேறு வேறு எத்துறையில் எவர்க்கு வாய்க்கும்? தேர்வில் பிழை வருமோ என்று அஞ்சி வினாவே எழுப்பாது அமர்ந்திருக்கும் மாணவர்கள் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும். நேர்மையான வினா தோற்பதில்லை. விடை மாறி வரலாம். வினா விளைத்த பயன் மாறாது.

பதினேழில் முறிந்த ஒழுங்கு

இத்தகைய எல்லைகளைத் தேடுவதில் பிள்ளையவர்களுக்குத் தனி நாட்டம் இருந்தது. அடுத்தடுத்து வரும் எண்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டால், மற்ற எதனோடும் பொதுக்காரணி இல்லாத எண் ஒன்றேனும் அவற்றுள் இருக்குமா? பதினாறு எண்கள் வரை எடுத்தால் கட்டாயம் இருக்கும் என்று 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் மெய்ப்பித்தார். பதினேழு எண்களை எடுத்தால் அவ்வுறுதி இல்லை என்பதையும் காட்டினார். 2184 முதல் 2200 வரையுள்ள பதினேழு எண்களில் ஒவ்வொன்றும் வேறொன்றோடு உறவு பூண்டே நிற்கின்றது. இம்முறை ஒழுங்கு எதுவரை நிற்கும், எங்கே முறியும் என்னும் இரண்டையும் அவரே கண்டார். முன்னர்க் கேட்ட வினா கற்பித்த விழிப்பு இதில் வெளிப்படுவதாக நாம் கருதுகின்றோம்.

அடுக்கு எண்களுக்கிடையே உள்ள வேறுபாடு பற்றியும் அவர் ஒரு கருத்தை முன்வைத்தார். 8 என்பது இரண்டின் கனம், 9 என்பது மூன்றின் வர்க்கம், வேறுபாடு 1. இவ்வாறு இரு அடுக்கு எண்களின் வேறுபாடாக ஒரு குறிப்பிட்ட எண் வருவது சில முறைகளே நிகழும். முடிவின்றி நிகழாது என்பது அவர் கருத்து. வேறுபாடு ஒன்றாக இருக்கும் நிலைக்கு மட்டும் 2002-இல் முழுவிடை கிடைத்தது. ஏனையவற்றிற்கு இன்றளவும் எவரும் மெய்ப்போ மறுப்போ கண்டிலர்.

பெரும் பகா எண்கள்

பிள்ளையவர்கள் எத்தகைய காலத்தில் இவற்றைச் செய்தார் என்பதையும் அறிதல் நன்று. அவர் வாழ்நாள் முழுவதும் உலகம் அறிந்த மிகப்பெரிய பகா எண் 39 இலக்கங்களைக் கொண்டது. இரண்டை 127 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் அவ்வெண்ணைப் பகா எண்ணென்று பிரெஞ்சு நாட்டு லூக்கா 1876-இல் நிறுவினார். 1951-ஆம் ஆண்டில்தான் அதனினும் பெரியவை காணப்பட்டன. அவ்வாண்டிலேயே கேம்பிரிட்ஜில் மின்னணுக் கணிப்பொறி 79 இலக்கப் பகா எண் ஒன்றைக் கண்டறிந்தது. பிள்ளையவர்கள் மறைந்த மறு ஆண்டு அது. 2024 அக்டோபரில் கண்டறியப்பட்ட பகா எண், இரண்டை 13,62,79,841 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது. அதன் இலக்கங்கள் 4,10,24,320.

இத்தகைய பேரெண்களைச் சோதிக்க இப்னுல் ஹைதம் கண்ட பண்பு பயன்படாது. முற்பட்ட எண்களையெல்லாம் பெருக்கி முடிக்க எக்கணிப்பொறிக்கும் காலம் போதாது. இரண்டின் அடுக்கில் ஒன்று குறைந்த எண்களுக்கென லூக்கா வகுத்த குறுக்குவழியே அங்கு உதவுகின்றது. ஆயினும் பகா எண் எத்துணைப் பெரிதாயினும், நான்கு கோடி இலக்கங்களைக் கொண்டதாயினும், அப்பண்புக்குக் கட்டுப்பட்டே நிற்கும். கணிப்பொறி எண்களைத் தேடித் தரும். எல்லா எண்களையும் ஆளும் விதியை உணர்த்துவது மனித அறிவுக்கு இறைவன் அளித்த கொடை. தாளும் எழுதுகோலும் மட்டுமே கொண்டு பிள்ளையவர்கள் தேடியது அத்தகைய விதிகளையே.

இறுதிப் பயணம்

1941-இல் சிதம்பரத்தை விட்டுத் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்திற்கும், 1942-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற்கும் பிள்ளையவர்கள் சென்றார். போரும் 1943-ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சமும் வங்கத்தை வாட்டிய காலம் அது. 1950-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனம் ஓராண்டுக் காலம் தங்கி ஆராயுமாறு அவரை அழைத்தது. அதே வேளையில் ஹார்வர்டில் பன்னாட்டுக் கணிதப் பேரவை கூடவிருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேராளராக அதில் கலந்துகொள்ள அவர் புறப்பட்டார்.

பம்பாயிலிருந்து சென்ற அவ்விமானம் கெய்ரோவில் இறங்கி மீண்டும் எழுந்தது. சிறிது நேரத்தில் இயந்திரம் ஒன்றில் தீப்பற்றியது. 1950 ஆகஸ்டு 31-ஆம் நாள் எகிப்து மண்ணில் அது விழுந்து எரிந்தது. அதில் சென்ற 55 பேரும் உயிரிழந்தனர். பேரவை தொடங்கிய மறுநாள் அது. பிள்ளையவர்களுக்கு அகவை 49.

பகா எண்ணின் பண்பை முதலில் கண்ட இப்னுல் ஹைதம் அவர்கள், கெய்ரோவில் அல்அஸ்ஹர் பள்ளிவாசலை அடுத்துத் தங்கி, நூல்களைப் படியெடுத்து வாழ்ந்து அங்கேயே மறைந்தார் என்பர். ஏறத்தாழ 910 ஆண்டுகளுக்குப் பின், அதே பண்பிலிருந்து புதுவினாவை எழுப்பிய வல்லத்து மைந்தரின் வாழ்வும் அந்நகருக்கு அணித்தே முடிந்தது. சமயமும் மொழியும் காலமும் வேறான இருவரை ஓர் எண்ணின் பண்பு இணைத்தது. இறுதியில் ஒரு நாட்டின் மண்ணும் இணைத்தது. இறைவனின் நாட்டத்தை நாம் யார் அறிய?

முடிவுரை

பிள்ளையவர்களின் ஆய்வுரைகள் பாலசுப்பிரமணியன், தங்கதுரை ஆகியோரால் தொகுக்கப்பெற்று, இராமானுசன் கணிதக் கழகத்தின் வாயிலாக 2010-இல் வெளிவந்தன. மறைந்து அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் எழுத்துகள் தேடித் தொகுக்கப்பட்டன என்பதே அவற்றின் உயிர்ப்புக்குச் சான்று.

இவ்வரலாற்றிலிருந்து நாம் மூவர்க்கு மூன்று செய்திகளைக் கூற விழைகின்றோம். சமுதாயப் பெரியோர்களே, பெற்றோரை இழந்த ஒரு மாணவனின் கல்விக்கு நீங்கள் ஈயும் தொகை எத்தனை தலைமுறைக்குப் பயன்தரும் என்பதற்கு வல்லம் ஒரு சான்று. ஆசிரியப் பெருமக்களே, வகுப்பறையில் ஒரு மாணவனின் கண்ணில் தோன்றும் ஒளியைச் செங்கோட்டை ஆசிரியர் கண்டதுபோல் கண்டுகொள்ளுங்கள். அன்பு மாணவர்களே, ஏழு முறை சரியாக வந்தது எட்டாம் முறையும் சரியாக வரும் என்று நம்பிவிடாதீர்கள், சோதித்துப் பாருங்கள். சோதனையில் உங்கள் கருத்து தோற்றால் அதற்காக நாணாதீர்கள். நண்பன் சுட்டும் பிழையை நன்றியுடன் ஏற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை தறிக்கூடத்தில் நூற்கோன்களை எண்ணும்போது 23 என்னும் எண் வந்தால், ஒரு கணம் நின்று வல்லத்து அறிஞரை நினையுங்கள். எந்த வரிசையிலும் அடங்காத அவ்வெண்ணில் ஒரு தமிழரின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. அறிவைத் தேடும் உள்ளத்தையும், தேடியதில் பிழை நேர்ந்தால் ஒப்புக்கொள்ளும் நெஞ்சுரத்தையும் எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!